பெட்டிகளின் காலம்

சென்ற மாதம் பழைய குறுந்தகடு ஒன்றைத் திறந்து பார்க்க நேர்ந்தது. 2001-இல் நண்பர்கள் சிலர் கூடித் தட்டச்சிட்டுச் சேமித்த பதினான்கு கட்டுரைகள் அதில் இருந்தன. கோப்புகள் பழுதின்றித் திறந்தன. ஆயினும் ஒரு வரியைக்கூட எங்களால் படிக்க இயலவில்லை. தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ரோமன் எழுத்துகள் திரையை நிறைத்து நின்றன. அன்று நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு இன்று எங்களுள் எவரிடமும் இல்லை. செல்லரித்துப் போன ஏடுகளைக் கண்டு உ.வே.சா. வருந்தியதை அறிவோம். இங்கே செல்லும் இல்லை, அரிப்பும் இல்லை. எழுத்து மட்டும் காணாமற் போயிருந்தது.

இதன் காரணம் எளியது. கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். அக்காலத்தில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்தவை 256 இடங்கள். அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய இடங்களில், சிலர் ஆங்கிலத்தின் இடங்களிலேயும், தமிழ் வடிவங்களை அமர்த்திக் கொண்டனர். எந்த எண்ணில் எந்த வடிவம் என்பதை எழுத்துரு செய்தவரே முடிவு செய்தார். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் மற்றவர் ‘ணை’ வைத்தார். ஆகவே எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தாக வேண்டும். ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவிய பின், அடுத்த இதழுக்கு வேறொன்றைத் தேடிய நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துவிட்டு வெறும் பெட்டிகளைப் பார்த்து எழுந்து வந்தவர்களும் உண்டு.

தமிழை இணையத்தில் ஏற்றியவர்களுள் முன்னவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட தளம் தொடங்கப்பட்டபோது தமிழும் அதில் இடம்பெற்றது அவரது உழைப்பால். அவர் சிறுகதையாசிரியர், ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றியவர் என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் சற்றுப் பெருமையுடன் நினைவுகூரலாம். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதிலும் அவர் பங்கு பெரிது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் ஏற்றது. அதே ஆண்டு கோவிந்தசாமி மறைந்தார். ஆர்வலர்கள் வகுத்த திஸ்கி என்ற குறியீடும் அப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டது. தரப்படுத்த முனைந்ததன் விளைவாகத் தரங்களே பல ஆயின!

இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தம் இரவுகளைச் செலவிட்டு நூல்களைத் தட்டச்சிட்டனர். வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் 2005-இல் எழுந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, ஒரு பழைய சிற்றிதழின் பக்கத்தை ஒளிவருடிப் பாதுகாப்பது அங்கே ஏன் அவசரப் பணியாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருங்குறி இவற்றையெல்லாம் மெல்லக் கடந்து வந்தது. அதன் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் சாதாரணக் கணினியில் அது முறையாகத் தெரியத் தொடங்கியது விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்த பிறகே. அறிஞர்கள் எழுப்பிய ஆட்சேபம் வலுவானது என்றே இன்றும் கருதுகிறோம். நம் இலக்கணத்துக்கு மெய்யே அடிப்படை. ‘க்’ உடன் ‘அ’ சேர்ந்து ‘க’ ஆகும். ஒருங்குறியிலோ ‘க’ முதலில் நிற்க, புள்ளி பின்னர் வந்து ஒட்டுகிறது. தொல்காப்பியர் கண்டால் தலைகீழ் என்பார். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்ற மாற்று இதற்காகவே வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. புழக்கத்தில் வென்றது ஒருங்குறிதான். (சுழியத்துக்குத் தனி வடிவம் இல்லாதிருந்த தமிழ் எண் வரிசைக்கு 2005-இல் ஒரு சுழியத்தையும் அது கொடுத்தது. கேட்டவர் யாரோ!)

அதன் பின் நேர்ந்த மாற்றத்தில் பெரியதாக எங்களுக்குத் தோன்றுவது தேடல். முன்பு ‘அணங்கு’ என்று ஓர் எழுத்துருவில் இட்டுத் தேடினால் மற்றோர் எழுத்துருவில் உள்ள அணங்கு அகப்படாது. சங்கப் பாடல்களில் ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என அறிய, 1966-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ந. சுப்பிரமணியனின் சொல்லடைவை நாடி நூலகம் போக வேண்டும். அல்லது மனப்பாடம் உள்ள புலவர் ஒருவரை அணுக வேண்டும். இன்று கைப்பேசியில் பேருந்துப் பயணத்திடையே அது முடிந்து விடுகிறது. வாசிப்பின் இயல்பும் இதனால் மாறியது. பாடலை முழுதும் படித்துச் சொல்லை அடைந்த தலைமுறை போய், சொல்லைப் பிடித்து வரியை மட்டும் கண்டு திரும்பும் தலைமுறை வந்திருக்கிறது. நாங்களும் அவ்வாறே செய்கிறோம் என்பதை மறைப்பானேன்?

குறுந்தகட்டுக்கு மீள்வோம். அறியப்பட்ட குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இருக்கின்றன. எங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. பின்னர் பழைய கல்வெட்டைப் படிப்பவரைப் போல் ஊகித்தோம். தமிழ் உரைநடையில் மிக அதிகம் வரும் குறி புள்ளி. ஆகவே திரையில் மிகுதியாகத் தென்பட்ட குறியைப் புள்ளி எனக் கொண்டோம். வரி இறுதிகளில் திரும்பத் திரும்ப வந்த தொகுதி ‘து’ ஆயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டவணை ஒன்று உருவானது. பதினொரு கட்டுரைகள் படிக்கும்படி மீண்டுவிட்டன. எஞ்சிய மூன்றும் வேறோர் எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. அவற்றைத் தட்டச்சிட்ட நண்பர் இப்போது இல்லை.