கலிங்கக் கரையில் காவற்பணி

கலிங்கம் என்னும் பெயர் தமிழராகிய நமக்குப் புதியதன்று. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான் இந்நாட்டின்மீது படையெடுத்த செய்தியைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடியதைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தவர்கள் நாம். அன்று வாளோடு வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நாம், இன்று உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து, இம்மண்ணின் உப்பைத் தின்று, இம்மக்களோடு உறவாடி வாழ்கின்றோம். வாழும் இடத்தின் வரலாற்றை அறிதல் குடியிருப்போர் கடமை. மன்னர் வரலாற்றை எழுத அறிஞர் பலர் உளர். நாம் இம்மலரில் எழுதப் புகுவது ஒரு காரியாலயத்தின் வரலாறு.

காரியாலயத்திற்கும் வரலாறு உண்டோ என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும், ஒடிசாவில் பஞ்சமும் புயலும் எத்தனை உயிரைக் கொண்டன என்பது இயற்கையின் சீற்றத்தை மட்டும் பொறுத்ததன்று. பொறுப்பில் இருந்தவர் எப்பொழுது விழித்துக்கொண்டனர் என்பதையும் பொறுத்தது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

1865ஆம் ஆண்டில் பருவமழை இடையிலே ஓய்ந்தது, பயிர் கருகிற்று. கட்டாக்கில் கமிஷனராக இருந்த ரேவன்ஷா துரை, வியாபாரிகளின் களஞ்சியங்களில் போதிய அரிசி உண்டென்று முதலில் நம்பினார். 1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரே அரிசி தருவிக்க இசைவு கேட்டுத் தந்தி அனுப்பியபோது, கல்கத்தாவிலிருந்த ரெவின்யூ போர்டு மறுத்துவிட்டது. வாணிபத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது அந்நாளையக் கொள்கை. கோடையின் இறுதியில் மனம் மாறி அரிசி அனுப்ப முற்பட்ட வேளையில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. கொந்தளிக்கும் கடலிலிருந்து மூட்டைகளைக் கரை சேர்ப்பது அரிதாயிற்று. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள், அதாவது மூவரில் ஒருவர், மாண்டனர். பூரி கஜபதி மன்னரின் ஒன்பதாம் அங்க ஆண்டில் நிகழ்ந்தமையால் இதனை 'நஅங்க' பஞ்சம் என்று ஒடியா மக்கள் வழங்குகின்றனர். அரிசி உலகில் இல்லாமற் போகவில்லை. உரிய காலத்தில் உத்தரவு பிறக்கவில்லை. அதுவே அப்பேரழிவின் சாரம்.

அப்பஞ்சத்தை ஆராய ஜார்ஜ் கேம்பல் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. பின்னர் 1880ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷனும், அதனையொட்டிப் பஞ்ச நிவாரண விதிகளும் தோன்றின. 1936இல் ஒடிசா தனி மாகாணமாயிற்று. 1965-66ஆம் ஆண்டில் நிவாரணத்திற்கென்றே ஒரு தனி அமைப்பு ஏற்பட்டது. அதன் தலைவரே சிறப்பு நிவாரண ஆணையர். 1980இல் நிவாரண விதித்தொகுப்பும் வந்தது. வெள்ளக் காலத்திற்கு முன்னரே படகுகளைப் பழுதுபார்த்து வைத்தல், போக்குவரத்து அற்றுப்போகும் இடங்களில் உணவுப் பொருளைச் சேமித்து வைத்தல், ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் கூடி ஏற்பாடுகளை ஆராய்தல் ஆகிய யாவும் அதில் முறைப்படுத்தப்பட்டன.

ஏட்டில் விதி இருந்தது. எனினும் 1971 அக்டோபரில் பாரதீப் கரையைத் தாக்கிய புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தனர். 1999 அக்டோபர் 29ஆம் நாள் வந்த பெரும்புயலோ மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. ஜகத்சிங்பூர் ஜில்லாவின் எரசமா வட்டாரத்தில் கடல் ஊருக்குள் புகுந்தது. தலைநகரிலேயே தொலைபேசி அறுந்தது. எந்த ஊரில் என்ன நேர்ந்ததென்று அறிய வழியின்றி அதிகாரிகள் திகைத்தனர். அம்முறையும் இறந்தோர் தொகை பத்தாயிரத்தை ஒட்டியது. புயல் வருவதை வானிலை ஆய்வாளர் முன்னரே சொல்லியிருந்தனர். ஆனால் குடிசையில் இருப்பவன் ஓடிச்சென்று ஒதுங்க உயர்ந்த கட்டிடம் எங்கே? அவனை அழைத்துச் செல்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் அன்று விடை இல்லை.

விடை காணும் முயற்சி அவ்வாண்டு முடியுமுன்னரே தொடங்கிற்று. பேரிடர் மேலாண்மைக்கென ஒரு மாநில ஆணையத்தை ஒடிசா நிறுவியது. இந்தியாவில் இத்தகைய ஆணையம் கண்ட முதல் மாநிலம் இதுவே. மத்திய சர்க்காரின் சட்டம் 2005இல்தான் வந்தது. 2001இல் மீட்புப் பணிக்கெனப் பயிற்சி பெற்ற தனிப் படை அமைந்தது. கடற்கரை ஜில்லாக்களில் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய புயல் பாதுகாப்பு நிலையங்கள் எண்ணூறுக்கும் மேலாகப் பெருகின. சாதாரண நாட்களில் அவற்றுட் பல பள்ளிக்கூடமாகப் பயன்படுகின்றன. குழந்தைகள் நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டு, இருட்டிலும் கால் அறியும் படிக்கட்டாகிவிடுகின்றது. ஒவ்வொரு நிலையத்தையும் பேண ஊராரே ஒரு குழுவாக அமைந்து, மீட்பிலும் முதலுதவியிலும் பயிற்சி பெறுகின்றனர்.

வேலை நடைபெறும் முறையைச் சிறிது நோக்குவோம். வானிலை நிலையத்தின் எச்சரிக்கை ஆணையரின் கட்டுப்பாட்டு அறைக்கு வருகின்றது. அங்கிருந்து கலெக்டருக்கும், அவரிடமிருந்து வட்டார வளர்ச்சி அதிகாரிக்கும், பின் பஞ்சாயத்துத் தலைவருக்கும், இறுதியாக ஊர்க் குழுவினருக்கும் செல்கின்றது. மின்சார இலாகா, மருத்துவ இலாகா, உணவு இலாகா, போலீஸ் ஆகியோர் தத்தம் பங்கை முன்னரே அறிந்திருக்கின்றனர். பிரசவ காலம் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். 2018 முதல் கடற்கரையில் 122 கோபுரங்களிலிருந்து சங்கொலி எழுப்பவும் வசதி உண்டு. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலுள்ள அறிவெல்லாம் வீணே.

2013 அக்டோபர் 12ஆம் நாள், துர்க்கா பூஜையின் நடுவே, கோபால்பூர் அருகே பைலின் புயல் கரை கடந்தது. பண்டிகை விடுமுறைகள் ரத்தாயின. சுமார் பத்து லட்சம் பேர் முன்னதாகவே இடம் மாற்றப்பட்டனர். 2019 மே 3ஆம் நாள் பூரியைத் தாக்கிய பானி புயலுக்கு முன் சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் அகற்றப்பட்டனர். இலட்சக்கணக்கான குறுஞ்செய்திகள் பறந்தன; ஊர்தோறும் தொண்டர்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டினர். இறந்தோர் 64 பேர். ஒவ்வோர் உயிரும் அரிதே. ஆயினும் பத்தாயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே!

இவ்வளவும் கூறி நிறைவடைந்துவிடலாகாது. உயிரைக் காத்த ஏற்பாடு வீட்டையும் தோப்பையும் வலையையும் காக்கவில்லை. பூரிப் பக்கத்துத் தென்னையும் முந்திரியும் மீண்டும் காய்க்க ஆண்டுகள் வேண்டும். காரை வீட்டில் வாழும் நமக்குப் புயல் ஒரு செய்தியே என்று எண்ணியிருந்தோம். பானிக்குப் பின் புவனேசுவரத்தில் மின்சாரமும் குழாய்நீரும் இன்றிப் பல நாட்கள் தவித்தபோதுதான், நாமும் இக்கரையின் மக்களே என்பதை உணர்ந்தோம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். அக்டோபர் 29ஆம் நாளை இம்மாநிலம் பேரிடர் ஆயத்த நாளாகக் கொண்டாடுகின்றது. அன்றைய பயிற்சியை வேடிக்கை பார்க்கும் கூட்டமாக நாம் நிற்றல் தகாது. அருகிலுள்ள பாதுகாப்பு நிலையம் எது, தனித்து வாழும் முதியோர் நம் தெருவில் எவர், ஒடியா மொழி அறியாத புதுக் குடும்பம் எது என்பனவற்றைச் சங்கம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். எச்சரிக்கை ஒடியாவில் ஒலிக்கும்போது, அதனைப் புரியும் தமிழில் அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆணையரின் அறையில் தொடங்கும் சங்கிலியின் கடைசிக் கண்ணி நாமே. அக்கண்ணி அறாமற் காப்பது, நம்மை ஏற்று வாழவைத்த இந்நாட்டிற்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.