உங்க நிலத்துக்கு அடியில் ஷேல் கேஸ் இருந்தா காசு யாருக்கு? விருத்தாசலம் பகுதி விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியவை

"நிலத்துக்கு அடியில கேஸ் இருந்தா நமக்குக் கோடிக்கணக்குல வருமா?" பக்கத்திலேயே நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், தெற்கே போனால் காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகள். விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு கேள்வி வருவது இயல்புதான். பதில்: வராது. ஏன் என்று பார்ப்போம்.

ஷேல் கேஸ் என்றால் என்ன?

ஷேல் என்பது களிமண் இறுகி உருவான பாறை. பூமிக்கடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் இந்தப் பாறைக்குள்ளேயே எரிவாயு சிக்கிக் கிடக்கும். சாதாரணமாகத் துளை போட்டால் வெளியே வராது. செங்குத்தாக இறங்கி, பிறகு பக்கவாட்டில் துளையிட்டு, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரை பயங்கர அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே பல லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை. இது மீத்தேன் திட்டம் அல்ல. மன்னார்குடியில் 2010-ல் ஒப்பந்தமாகி, பின்னர் எதிர்ப்பால் நின்றுபோன திட்டம் நிலக்கரிப் படுகையில் இருக்கும் மீத்தேனை எடுப்பது. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

விருத்தாசலத்துக்கு அடியில் இருக்கா?

காவிரிப் படுகையில் ஷேல் வாயுவுக்கு வாய்ப்புள்ளதாக ஆய்வுகளில் அடிபடும் பாறை அடுக்குகளில் ஒன்றுக்கு 'ஆண்டிமடம்' என்றே பெயர். ஆமாம், பக்கத்து அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம்தான். ஆனால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். விருத்தாசலம் இந்தப் படுகையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆழத்தில் இருக்க வேண்டிய அந்தக் காலப் பாறைகள் இங்கே தரைமட்டத்துக்கே எட்டிப் பார்க்கின்றன. வாயு உருவாக ஆழமும் வெப்பமும் வேண்டும் என்பதால், பொதுவாக ஓரத்தைவிட நடுப்பகுதிக்கே வாய்ப்பு அதிகம்.

2013-ல் மத்திய அரசு ஷேல் கொள்கையை அறிவித்தபோது, ஓஎன்ஜிசி முதல் கட்டமாக 50 பிளாக்குகளைத் தேர்வு செய்தது. அதில் காவிரிப் படுகையில் 9.

காசு யாருக்கு?

அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்துக்கு அடியில் இருப்பதும் நிலத்துக்காரருக்கே சொந்தம். கம்பெனி குத்தகைக்கு எடுத்து, விற்பனையில் பங்கு தரும். பென்சில்வேனியாவில் குறைந்தபட்சம் எட்டில் ஒரு பங்கு என்று சட்டமே இருக்கிறது. விவசாயிகள் ராத்திரியோடு ராத்திரியா பணக்காரர் ஆன கதைகள் அங்கிருந்து வருபவை.

நம் ஊரில் 1948-ம் ஆண்டு எண்ணெய் வயல் சட்டமும் அதன் கீழ் வரும் விதிகளும்தான் இதை நடத்துகின்றன. 2025-ல் திருத்தம் வந்து, ஷேல் வாயுவும் இந்தச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. உரிமம் தருவது அரசு. தரைப்பகுதியில் எடுக்கும் எரிவாயுவுக்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகும். உங்களுக்குக் கிடைப்பது மேல்மண்ணுக்கான வாடகை அல்லது இழப்பீடு மட்டுமே.

'2013-ல் சுப்ரீம் கோர்ட்டே நிலத்துக்காரருக்குத்தான் கனிமம்னு சொல்லிடுச்சே' என்று சிலர் கேட்கலாம். அது கேரளாவின் மலபார் நிலங்கள் பற்றிய வழக்கு. உரிமை உங்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும், உரிமம் இல்லாமல் யாரும் தோண்ட முடியாது.

பாதுகாக்கப்பட்ட மண்டலம் காப்பாத்துமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், ஷேல் வாயு உள்பட புதிய ஹைட்ரோகார்பன் திட்டங்களைத் தடை செய்கிறது. ஆனால் கடலூர் மாவட்டம் முழுவதும் அதில் இல்லை. காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்கள்தான் சட்டத்தில் இடம்பெற்றன. விருத்தாசலம் அந்தப் பட்டியலில் இல்லை. அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு, ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என விதியைத் தளர்த்திவிட்டது.

ஆட்கள் வந்தால் என்ன செய்யணும்?

முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கிணறு அமைக்க இடமா, குழாய் பதிக்க உரிமையா? குழாய் என்றால் 1962 சட்டம். நிலம் உங்க பேரிலேயே இருக்கும், இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச் சேதத்துக்குத் தனி. ஆனால் குழாய் போகும் பட்டையில் அதன்பின் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. 10 சதவீதத்துக்கு இது பெரிய விலை.

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று நாலும் இப்போதைய பெயரில் இருக்கிறதா எனச் சரிபாருங்கள். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவால் இழப்பீடு வருஷக்கணக்கில் இழுக்கும். துளையிடும் வேலை தொடங்கும் முன்பே போர்வெல் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து அறிக்கையை வாங்கி வையுங்கள். பிறகு தண்ணீர் கெட்டுப்போனால், முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

பயிருக்கும் பதிவு வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், என்எல்சி பல ஆண்டுகளுக்கு முன் கையகப்படுத்தியிருந்த நிலத்தில், விளைந்து நின்ற நெல்லை அழித்துக் கால்வாய் வெட்டப்பட்டது. அந்தப் பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் கைமாறும் தேதியையும், அதுவரை சாகுபடி செய்ய யாருக்கு உரிமை என்பதையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.