துப்பாக்கி சுடுதல்: 'மசில் மெமரி' இருந்தால் போதுமா? துப்பாக்கியின் செட்டிங் மாறினால் என்ன ஆகும்?

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. 75 நிமிடங்களில் 60 ஷாட் சுட வேண்டும். போட்டியின் நடுவே இந்தியாவின் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் ஏறக்குறைய 20 நிமிடங்கள் போய்விட்டன. மீதி ஷாட்களைக் குறைந்த நேரத்தில் சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார். 12-வது இடம். வெறும் 2 புள்ளிகளில் இறுதிச் சுற்று கைநழுவியது.

"ஸ்பேர் பிஸ்டல் ஒண்ணு இருக்குமே, அதை எடுத்துச் சுட்டிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பழுதான தன் பிஸ்டலைச் சரிசெய்வதற்காக ஒரு வீராங்கனை ஏன் காத்திருக்கிறார் என்பதற்கான பதில், 'மசில் மெமரி' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் விஷயத்தில் இருக்கிறது.

நினைவு தசையில் இருக்கிறதா?

இல்லை. பெயர்தான் அப்படி. நினைவு இருப்பது மூளையில், குறிப்பாக சிறுமூளை, பேசல் கேங்க்லியா போன்ற பகுதிகளில். இது நாம் பெயர், தேதி, முகவரி நினைவில் வைத்துக்கொள்வதில் இருந்து வேறுபட்டது.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் ஹென்றி மொலேசன். 1953-ல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் புதிய சம்பவங்களை நினைவில் வைக்க முடியாமல் போனது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகப் பென்சிலால் வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் முந்தைய நாள் அதைச் செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை!

கையின் திறன் வேறு, நாம் சொல்லிக் காட்டும் ஞாபகம் வேறு என்பது அப்போது தெளிவானது. 1967-ல் பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் இருவரும் திறன் கற்பதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறோம். பிறகு தவறுகள் குறைகின்றன. கடைசியில் யோசிக்காமலே கை செய்கிறது.

அப்படின்னா, செட்டிங் ஏன் முக்கியம்?

புது ஃபோன் வாங்கிய முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கீபோர்டு கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். ஆனால் கட்டைவிரல் பக்கத்து எழுத்தில் போய் விழும். டைப் செய்யும் திறன் எங்கும் போகவில்லை. அந்தத் திறன் பழைய ஃபோனின் அளவுக்குப் பழகியிருந்தது.

துப்பாக்கியில் இதே பிரச்னை பல மடங்கு. ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் இருக்கும் 10 புள்ளிப் பகுதியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. ஏர் பிஸ்டலில் 11.5 மி.மீ. சுடும் தூரம் 10 மீட்டர். பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பார்வைக் கோட்டில் முன் சைட் 0.1 மி.மீ. விலகினால், இலக்கில் ஏறக்குறைய 3 மி.மீ. விலகும். கண்ணால் கவனிக்கவே முடியாத விலகல், ஸ்கோரில் தெரிந்துவிடும்.

அதனால்தான் போட்டி பிஸ்டலின் மரக் கைப்பிடியை வீரரின் உள்ளங்கைக்கு ஏற்ப செதுக்குகிறார்கள். ரைஃபிளில் தோளில் பதியும் பட் பிளேட், கன்னம் பதியும் சீக் பீஸ், இடது கை தாங்கும் ஹேண்ட் ஸ்டாப் எல்லாவற்றையும் நகர்த்தி அமைக்கலாம். சீக் பீஸ் கொஞ்சம் இறங்கினாலும் கண் பின் சைட்டின் மையத்தில் நிற்காது. அதை ஈடுகட்ட கழுத்து தானாகவே சாயும். நீங்கள் அப்படியே 500 முறை சுட்டால், மூளை அந்தச் சாய்ந்த கழுத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மூளைக்கு எது சரி, எது தவறு என்று தெரியாது. எது திரும்பத் திரும்ப நடக்கிறதோ, அதைத்தான் பதிவு செய்யும். தினம் ஒரு செட்டிங்கில் சுட்டால், சுடுவதை விட சமாளிப்பதைத்தான் அதிகம் பழகுவீர்கள்.

அப்போ எதுவுமே மாறக் கூடாதா?

மாறும். அதுதான் சிக்கல். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சி ஷாட்களில், அபினவ் பிந்த்ராவின் குண்டு நடுவை விட்டு வெகுதூரம் தள்ளி விழுந்தது. சைட் மாறியிருந்தது. இருந்த சில நிமிடங்களில் அதைத் திரும்ப அமைத்துவிட்டுப் போட்டிக்குப் போனார். கடைசி ஷாட் 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்.

நிதானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சரியான நிலை எது என்பதில் சந்தேகம் இல்லாததுதான் உதவுகிறது. தன் உடல் நிலை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, குண்டு விலகினால் கோளாறு துப்பாக்கியில் என்று உடனே புரியும். தினமும் எல்லாம் மாறும் ஒருவருக்கு, தவறு கையிலா, சைட்டிலா என்றே தெரியாது.

மும்பையில் கற்கத் தொடங்கினால்?

இந்த நகரத்துக்கு இந்த விளையாட்டில் நல்ல பாரம்பரியம் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிச் சுற்று வரை போன அஞ்சலி பாகவத், தாதர் கீர்த்தி கல்லூரியில் என்சிசி மாணவியாகத் தொடங்கியவர். மகாராஷ்டிரா ரைஃபிள் அசோசியேஷனின் ரேஞ்ச் வொர்லியில் இருக்கிறது. தாராவி, மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு ரொம்ப தூரம் இல்லை. ஒலிம்பியன் சுமா ஷிரூரின் லக்ஷ்யா அகாடமி பன்வேலில் இருக்கிறது. செம்பூரில் இருப்பவர்கள் ஹார்பர் லைனில் நேராகப் போகலாம்.

தொடங்கும்போது பெரும்பாலும் ரேஞ்சின் பொதுத் துப்பாக்கிதான் கிடைக்கும். உங்களுக்கு முன்னால் சுட்டவரின் உயரத்துக்கு ஏற்ப அது அமைந்திருக்கும். அப்போது செய்ய வேண்டியவை:

• முடிந்தவரை ஒரே துப்பாக்கியைக் கேளுங்கள். அதன் எண்ணைக் குறித்து வையுங்கள்.

• கோச் உங்களுக்கு அமைத்துக் கொடுத்த பட் பிளேட், சீக் பீஸ் அளவுகளை நோட்டில் எழுதுங்கள். ஃபோனில் படம் எடுத்தாலும் சரி. அடுத்த முறை சுடுவதற்கு முன் முதல் 10 நிமிடம் இதற்குத்தான்.

• காலணி, நிற்கும் இடைவெளி எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். இலக்கைக் குறிவைத்துக் கண்ணை மூடித் திறங்கள். குறி நகர்ந்திருந்தால் கையால் இழுக்காதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள்.

• ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

• குண்டு இல்லாமல் ட்ரிகர் இழுக்கும் 'டிரை ஃபயரிங்' பயிற்சியை கோச் அனுமதியோடு, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்த பிறகே செய்யுங்கள்.

• எப்போதாவது ஒரு நாள், சைட்டை வேண்டுமென்றே கலைத்துவிடச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். எத்தனை ஷாட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று பாருங்கள். கோளாறு வரும் நாளுக்கும் பயிற்சி வேண்டும் இல்லையா?

டோக்கியோவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் மனு பாக்கர் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் பிரிவிலும் வெண்கலம்.

அடுத்த முறை யாராவது "பயிற்சி எடுத்தா கை தானா பழகிடும்" என்று சொன்னால், எதற்குப் பழகும் என்று கேளுங்கள். முதல் ஷாட்டுக்கு முன்னால் நோட்டைத் திறந்து அளவைச் சரிபார்க்கும் அந்தப் பத்து நிமிடமும் பயிற்சிதான்.