சோம்பலின் கிருமி

என் முதல் நாவலில் ஒரு சோம்பேறி வருவான். திண்ணையிலேயே பொழுதைக் கழிப்பான். மண்வெட்டியை நாலு தடவை ஓங்குவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கும். அவனைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்ததாக வாசகர்கள் பலர் எழுதினார்கள். சிறு வயதில் எங்கள் கிராமத்தில் பார்த்த ஒருவனைத்தான் அப்படியே எடுத்து வைத்திருந்தேன். வெளிறிய முகம், உப்பிய வயிறு, சதா களைப்பு. அதெல்லாம் அவன் குணம் என்றே நினைத்தேன். வியாதியாக இருக்கலாமே என்று தோன்றவில்லை.

சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற அமெரிக்கரின் சரித்திரத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த ஏழைக் குடியானவர்களைப் பிறவிச் சோம்பேறிகள் என்று கேலி செய்வது நெடுநாள் வழக்கம். ஸ்டைல்ஸ் விலங்கியல் நிபுணர். ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்வது அவர் வேலை. இந்த மக்களைப் பீடித்திருப்பது சோம்பல் அல்ல, கொக்கிப்புழு என்று 1902-ல் அவர் சொன்னார். சோம்பலின் கிருமி அகப்பட்டுவிட்டதாக நியூயார்க் பத்திரிகை ஒன்று தலைப்புப் போட்டது. ஊரெல்லாம் சிரித்தது. தென்னாட்டாருக்கோ மகா கோபம்.

உண்மையில் சிரிக்க அதில் ஒன்றுமில்லை. புழு அரை அங்குலத்துக்கும் குறைவு. மலம் கலந்த ஈர மண்ணில் பொரிந்து, செருப்பில்லாத காலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குள் இறங்குகிறது. அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் சோகைதான். பெரியவனுக்கு வேலை ஓடாது; பையனுக்குப் பாடம் ஏறாது.

1909-ல் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்தார். 11 மாநிலங்களில் வைத்தியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பரிசோதித்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேரிடம் புழு இருந்தது. தைமாலும் பேதி உப்புந்தான் மருந்து. 1914-க்குள் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அதை உட்கொண்டார்கள். புழு அடியோடு ஒழிந்துவிடவில்லை. கக்கூஸ் இல்லாத இடங்களில் மறுபடியும் தொற்றியது. ஆனாலும் பட்ட பாடு வீண் போகவில்லை. ஹாய்ட் பிளீக்லி என்ற பொருளாதார நிபுணர் பழைய கணக்குகளைப் புரட்டி 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புழு மிகுந்திருந்த வட்டாரங்களில்தான் பள்ளிக்கூட வருகையும் எழுத்தறிவும் அதிகமாக உயர்ந்தன; அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்ததும் கூடுதல் என்று அதில் காட்டினார்.

இதே ராக்பெல்லர் பணம் பின்னர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் நம் சீமையிலிருந்து கப்பலேறிப் போன ஜனங்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றவர்கள். தோட்டத்துரைக்கு அவர்கள் உடம்பு எப்படிக் கிடந்தால் என்ன? வேலை குறைகிறது என்று காட்டினால்தான் அவன் காது கொடுத்தான். ஆராய்ச்சி எந்த வாசல் வழியாக நுழைந்தால் என்ன, மருந்து போய்ச் சேர்ந்ததே என்று சில சமயம் நினைப்பேன். சில சமயம் அப்படி நினைக்க மனம் வருவதில்லை.

நாவலின் புதிய பதிப்புக்காக அந்த அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு வரியும் மாற்றவில்லை. எழுதியவன் குற்றம் எழுதியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இப்போது யாரையாவது சோம்பேறி என்று சொல்ல வாயெடுத்தால், முதலில் அவன் காலைப் பார்க்கிறேன்.