பீரங்கிக்காரர் குமாரமங்கலம்: கம்பிவேலிக்குள் மூன்று ஆண்டுகள்

பெங்களூரு விவேக் நகரில், வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வருகிற கூட்டத்துக்குள் நடந்தால் தமிழ்ப் பேச்சு நிறையவே காதில் விழும். விவேக் நகர், ஆஸ்டின் டவுன், அல்சூர் என்று கன்டோன்மென்ட்டை ஒட்டி இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதற்கு ராணுவம் ஒரு பெரிய காரணம். படையோடு சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சமைக்க, தைக்க, வண்டி ஓட்டப் பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை இன்றும் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் தொடங்கிய இன்னொரு படைப்பிரிவைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. இந்த வாரக் கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளையர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தார்கள். இந்தியன் கையில் துப்பாக்கி கொடுக்கலாம், பீரங்கி கொடுக்கக் கூடாது. மலைப்பகுதிகளில் கோவேறு கழுதை மேல் ஏற்றிச் செல்லும் சிறு பீரங்கிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. களப் பீரங்கி முழுக்க வெள்ளையர் கையில். முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்த இந்தத் தடை 1935 ஜனவரி 15இல் பெங்களூருவில் உடைந்தது. அன்றுதான் இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படை அங்கே உருவானது. பஞ்சாபியரும் ராஜபுத்திரரும் இருந்த அந்தப் படையில் மதராஸ் மாகாணத்து ஆட்களும் சேர்க்கப்பட்டார்கள். பீரங்கிப் படைக்கு வந்த முதல் இந்திய அதிகாரிகள் இருவர். ஒருவர் பிரேம் சிங் கியானி. மற்றவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் வீட்டுப் பிள்ளை, பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்.

1913 ஜூலை 1இல் பிறந்தவர். அப்பா டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. அம்மா ராதாபாய், மங்களூருவில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக உழைத்த குத்மல் ரங்கராவின் மகள்; லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்து பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடியவர். பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூத்தவர் ஊல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்று 1933இல் அதிகாரியானார். தம்பி மோகன் கேம்பிரிட்ஜ் போய்க் கம்யூனிஸ்டாகத் திரும்பினார். தங்கை பார்வதியும் அதே வழி.

1942 மே மாதம். லிபியா பாலைவனத்தில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் படை கஸாலா அரண்வரிசையைத் தெற்கே சுற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தென்கோடியில் பீர் ஹக்கீம் என்ற இடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் காத்து நின்றார்கள். அதற்குச் சற்றுத் தென்கிழக்கே, 171 என்று வரைபடத்தில் எண்ணிட்ட மேட்டில் மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் வந்து இறங்கியிருந்தது. பள்ளம் தோண்டி, கண்ணிவெடி புதைத்து முடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. 27ஆம் தேதி காலை இத்தாலியின் அரியேத்தே டாங்கிப் படை மேலே வந்து விழுந்தது.

பிரிகேடுக்கு இருந்த பெரிய பலம் இரண்டாவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட். அதில் மேஜர் குமாரமங்கலம் ஒரு பேட்டரியின் தலைவர். அவர்களிடம் இருந்தவை 25 பவுண்டு பீரங்கிகள். கண்ணுக்குத் தெரியாத தொலைவில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் குண்டு போடச் செய்தவை. அன்று அவற்றைத் தாழ்த்தி, எதிரே வரும் டாங்கியை நேருக்கு நேர் பார்த்துச் சுட வேண்டியிருந்தது. பீரங்கிக்காரனுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. டாங்கிக்குக் கவசம் உண்டு. பீரங்கியைச் சுற்றி நிற்கிற ஆறு பேருக்கு ஒரு தகடுதான். டாங்கிகள் பல எரிந்தன. ஆனாலும் சில மணி நேரத்தில் பிரிகேட் நசுக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் சுமார் அறுநூறு பேருக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாமல் பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள். தாகத்தில் தள்ளாடியபடி அவர்கள் பீர் ஹக்கீம் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றைய வீரத்துக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. அதே 1942இல் அவர் போர்க்கைதியாக இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டார். அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, பெங்களூருவில் ஜாலஹள்ளி போன்ற இடங்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள்.

வீட்டு நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். 1941இல், கம்யூனிஸ்டுகள் மீது போடப்பட்ட சென்னைச் சதி வழக்கில், தம்பி மோகன் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி முதலானோருடன் கைதாகியிருந்தார். அண்ணன் பிரிட்டிஷ் சீருடையில் எதிரியிடம் கைதி. தம்பி அதே பிரிட்டிஷாரிடம் கைதி. எது தேசபக்தி என்று கேட்டு இவர்களில் ஒருவரைக் கழித்துவிடுவது எளிது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. பீரங்கித் தொழிலை இந்தியர் கையில் கொண்டுவந்த முதல் இருவரில் ஒருவர் இல்லாமல், 1947இல் நமக்குக் கிடைத்த ராணுவம் பாதி ஊனத்தோடுதான் இருந்திருக்கும்.

இத்தாலியில் இந்திய அதிகாரிகளைத் தனி முகாமில் வைத்தார்கள். ஒரே சாப்பாடு, ஒரே செஞ்சிலுவைப் பொட்டலம், ஒரே கணக்கெடுப்பு வரிசை. அந்த வரிசையில் குமாரமங்கலத்துடன் நின்றவர்களில், பின்னாளில் பாகிஸ்தான் தளபதிகளான யாஹ்யா கானும் சாஹிப்ஸாதா யாகூப் கானும் உண்டு. 1943 செப்டம்பர் 8இல் இத்தாலி சரணடைந்ததும் காவல் தளர்ந்தது. ஜெர்மானியர் வந்து முகாமைப் பிடிப்பதற்குள் தப்பிவிட வேண்டும். கைதிக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஜெர்மானியர் மிரட்டியும், இத்தாலிய விவசாயிகள் தப்பியவர்களைத் தங்கள் தொழுவங்களில் மறைத்து, தங்களுக்கே போதாத ரொட்டியைப் பகிர்ந்தார்கள். யாஹ்யா கான் மலைகளைக் கடந்து நேசப்படையிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். குமாரமங்கலமும் தப்பினார். ஆனால் கணுக்கால் முறிந்தது. அந்தக் காலோடு மறுபடி ஜெர்மானியரிடம் மாட்டினார்.

ஓடிப்போனவர் என்பதால் இந்த முறை கடுங்காவல். அன்றைய ஜெர்மனியின் சாகான் ஊரில் இருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3. அடிப்படையில் விமானப்படைக் கைதிகளுக்கான முகாம் அது. கொட்டகைகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியிருந்தார்கள், அடியில் யாராவது தோண்டினால் தெரியும்படி. மேல் மண் சாம்பல் நிறம், கீழ் மணல் பளிச்சென்ற மஞ்சள். ஒரு பிடி மணல் வெளியே சிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியும் 1944 மார்ச் 24 இரவு சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அதில் 50 பேரை ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொன்றார்கள். 1945இல் போர் முடிந்தபோதுதான் குமாரமங்கலத்துக்கு விடுதலை.

எதிரியிடம் பிடிபட்டவனைப் பல நாட்டு ராணுவங்கள் ஓரங்கட்டியிருக்கின்றன. இங்கே அது நடக்கவில்லை. 1963இல், சீனப் போரின் காயம் ஆறாத நேரத்தில், கிழக்குப் பிராந்தியப் படை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1966 ஜூன் 8இல் தரைப்படைத் தலைமைத் தளபதியானார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தமிழர். 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையிலுள்ள நாதுலாவில் சீனர்கள் சுட்டபோது நம் பீரங்கிகள் திருப்பியடித்து அவர்களை அடக்கின. அப்போது தலைமையில் இருந்தவரும் ஒரு பீரங்கிக்காரர்.

1966 செப்டம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான் படைக்குத் தலைமையேற்றவர் யாஹ்யா கான். இத்தாலியில் ஒரே வேலிக்குள் இருந்த இருவர், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எதிரெதிர் படைகளின் தலைவர்களாக இருந்தார்கள். 1969 ஜூனில் குமாரமங்கலம் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு பத்ம விபூஷண். யாஹ்யாவோ அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே பாகிஸ்தான் அதிபராகியிருந்தார். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் மக்கள் மீது படையை ஏவச் சொன்னபோது, அங்கே பொறுப்பிலிருந்த யாகூப் கான் மறுத்து 1971 மார்ச்சில் பதவியைத் துறந்தார். அந்த டிசம்பரில் நடந்த போரில் யாஹ்யாவின் ஆட்சியைச் சேர்ந்த சுமார் 93,000 பேர் இந்தியாவிடம் கைதிகளானார்கள். தானே கைதியாக இருந்த மனிதர், வேலிக்குள் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று அறிந்தவர், இத்தனை பேரை அங்கே தள்ளினார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

குமாரமங்கலம் ஓய்வுக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2000 மார்ச் 13இல் மறைந்தார்.