தொலைக்கட்டுப்பாட்டுத் தானுந்து உள்ளகப் பந்தயத்தடம்

உள்ளகப் பந்தயத்தடம் என்பது வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறிய தானுந்துகளை (கார்களை) கூரையின் கீழ் ஓட்டிப் போட்டியிடுவதற்காக அமைக்கப்படும் மூடிய பாதை ஆகும். இத்தகைய தடத்தை வீட்டு அறையிலும் அமைக்கலாம். தரையின் பிடிப்பும் வளைவுகளின் அளவுமே தடத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

அளவுவிகிதம்

1:10 அளவுவிகிதச் சாலைவகைத் தானுந்து ஏறத்தாழ 19 செ.மீ. அகலம் கொண்டது. இதற்குப் பெரிய கூடம் தேவை. 1:28 அளவுவிகிதத் தானுந்தின் அகலம் ஏறத்தாழ 7 செ.மீ. மட்டுமே. எனவே வீட்டுத் தடங்களுக்கு இதுவே ஏற்றது. சப்பானின் கியோசோ நிறுவனம் 1999 இல் வெளியிட்ட மினி-இசட் இவ்வகையில் பெயர்பெற்றது.

தரை

வளைவில் தானுந்து வழுக்காமல் செல்லக்கூடிய உயர்ந்த வேகம், உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனின் வர்க்கமூலம் ஆகும். 30 செ.மீ. ஆர வளைவில் உராய்வுக் கெழு 1 எனில் இவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர், 0.5 எனில் 1.2 மீட்டர். வழுவழுப்பான தரையில் வேகமான தானுந்தும் பயன்படாமல் போவது இதனாலேயே.

சிறுவர் விளையாடும் அறைகளில் விரிக்கப்படும், ஒன்றோடொன்று கோக்கக்கூடிய நுரை விரிப்புகள் இரப்பர்ச் சக்கரங்களுக்கு நல்ல பிடிப்பைத் தருகின்றன. இவற்றைக் கழற்றி அடுக்கி வைக்கவும் இயலும். நீண்ட இழைகளையுடைய கம்பளம் ஏற்றதன்று. இழைகள் அச்சில் சுற்றிக்கொள்ளும். தூசி பிடிப்பைக் குறைப்பதால் ஓட்டத்திற்கு முன் தடத்தைத் துடைக்க வேண்டும்.

வடிவமைப்பு

3 மீ. × 3.6 மீ. பரப்பில் 60 செ.மீ. பக்கமுள்ள 30 விரிப்புகள் அடங்கும். பாதையின் அகலத்தை ஒரு விரிப்பின் அகலமாகக் கொண்டு, எல்லா விரிப்புகளையும் ஒரு முறை மட்டும் தொட்டுச் செல்லும் சுற்று வரையலாம். அதன் நீளம் 18 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வளைவுகள் மட்டுமே நிறைந்த தடத்தில் முந்துவது கடினம். ஆகவே சில விரிப்புகளை விட்டுவிட்டேனும் ஒரு நீண்ட நேர்ப்பாதையையும் அதன் முடிவில் அகன்ற வளைவையும் அமைப்பது நல்லது.

எல்லைச் சுவர்

சுவர் மிகத் தாழ்ந்திருந்தால் தானுந்து அதன்மேல் ஏறி அடுத்த பாதைக்குள் விழும். மரச்சட்டம் போன்ற கடினப் பொருள்கள் மோதலில் முன்சக்கர இணைப்புகளை உடைக்கக்கூடும். எனவே சக்கரத்தின் உயரத்திற்குக் குறையாத நுரைப் பட்டைகள் விரும்பப்படுகின்றன. ஓட்டுநர் நிற்கும் இடத்திலிருந்து தடம் முழுவதும் தெரிய வேண்டும்.

போட்டி நடைமுறை

கவிழ்ந்த தானுந்துகளை நிமிர்த்தி வைக்கத் தடப் பணியாளர்கள் தேவை. ஒரு சுற்றில் ஓட்டியவர்கள் அடுத்த சுற்றில் இப்பணியைச் செய்வது வழக்கம். பழைய 27 மெகா எர்ட்சு கருவிகளில் இருவர் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் குறுக்கீடு ஏற்படும். ஓட்டத்திற்கு முன்னரே அலைவரிசைகளைப் பங்கிட வேண்டும். 2.4 கிகா எர்ட்சு கருவிகளில் ஒவ்வொரு தானுந்தும் தன் கட்டுப்படுத்தியுடன் தனியே இணைக்கப்படுவதால் இச்சிக்கல் பெரும்பாலும் இல்லை.

பாதுகாப்பு

இலித்தியம் பாலிமர் மின்கலங்களை அவற்றுக்குரிய மின்னேற்றியிலேயே மின்னேற்ற வேண்டும். ஒரு கலத்தின் மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட்டைத் தாண்டலாகாது. மிகை மின்னேற்றத்தால் தீப்பற்றும் வாய்ப்பு உண்டு. நுரை விரிப்பும் எளிதில் எரியக்கூடியது என்பதால், தடத்தின்மீது வைத்தோ கண்காணிப்பின்றியோ மின்னேற்றக் கூடாது.

இவற்றையும் பார்க்க

உராய்வு
மையநோக்கு விசை
வானொலிக் கட்டுப்பாடு