மலைக்குப் போகும் தாய்மாரும் பள்ளிக்கூடச் சோறும்

மலையடிவார ஊரான தேவாரத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியில் சோற்றோடு இடுக்கி மலைக்கு ஏறுவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை; தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரங்களில் காய்க்கிறது. குனிந்தும் குத்தவைத்தும், முற்றிய காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். காலையில் அந்த வீட்டுப் பிள்ளை தானாக எழுந்து, தலை சீவி, பள்ளிக்கூடம் போக வேண்டியதுதான். சாப்பிட்டதா என்று கேட்க வீட்டில் ஆளிருக்காது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அல்ல. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. தொடக்கக் கல்வி நிதியை இதற்குத் தொடக்கூடாது என்று அரசு தடுத்ததால் 1925இல் அது நின்றது. பிறகு 1956இல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முனைப்பில், ஊரார் பங்கும் அரசுப் பணமும் சேர்ந்து மதிய உணவு பள்ளிகளுக்கு வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார், பள்ளிகளில் அடுப்பெரிந்தது.

பசியை ஆளும் இரண்டு ஹார்மோன்களை விஞ்ஞானம் கண்டறிந்தது இதற்கெல்லாம் பிறகுதான். கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டினை 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தது. உடம்பில் இருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிப்பது அது. எடை குறைந்தால் லெப்டினும் குறையும். வயிற்றிலிருந்து சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலினை 1999இல் ஜப்பானின் கொஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு வேளை நெருங்க நெருங்க இது ஏறும். கிரெலின் செலுத்தப்பட்டவர்களின் மூளை உணவுப் படங்களைப் பார்த்ததும் கூடுதலாகக் கிளர்ந்ததை 2008இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வயிறு காயும்போது கவனம் சோற்றின் பக்கம் இழுபடுவது பிள்ளையின் குணக்கேடு அல்ல, உடம்பின் ஏற்பாடு.

இன்னும் அழுத்தமான சான்று, இந்த ஹார்மோன்களின் பெயர்கூடத் தெரியாத காலத்தது. 1944-45இல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்தது. எதிலும் மனம் நிற்கவில்லை, எந்நேரமும் சாப்பாட்டு நினைவு என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் சொல்லும்படியான சரிவு இல்லை! பசித்த பிள்ளையை மக்கு என்று பெஞ்சில் ஏற்றிய வாத்தியார்கள் எத்தனை பேர்? அந்தப் பிள்ளைகளின் அறிவு அங்கேயேதான் இருந்தது.

பசி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பாதிப்பதுமில்லை. 1989இல் வெளியான ஜமைக்கா ஆய்வில், காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டபோது நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த பிள்ளைகள் சமாளித்துக்கொண்டார்கள். வளர்ச்சி குன்றிய பிள்ளைகள்தான் சோதனைகளில் சறுக்கினார்கள். மெலிந்த உடம்புக்கு ஒருவேளைப் பட்டினியே பெரிய அடி.

சத்துணவு எட்டாத இடமும் இந்தக் காலை வேளைதான். மணியடித்துத் தட்டு வரும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார்: இவை பாடத்துக்கு முன்பே வயிற்றுக்குள் போகின்றன. ஜீப்பில் ஏறும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை மலையடிவார ஊர்களில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குத்தான் வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளையின் தாயும் அதே ஜீப்பில்தான் ஏறுகிறாள். 1982இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய சத்துணவை இரண்டே ஆண்டில், 1984 செப்டம்பரில், பதினைந்து வயது வரை நீட்டிய மாநிலம் இது. காலைத் தட்டையும் பத்தாம் வகுப்பு வரை நீட்ட வேண்டும். தோட்ட வேலைக்கு ஆட்கள் போகும் ஊர்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.